சொல்லிவிட்டுப் பிடுங்குவோம்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், “கவிதை மட்டும் வேண்டாம் சாமி, ஏற்கெனவே மூணு நோட்டு நிறைய வந்து கிடக்குது. உருப்படியா ஏதாச்சும் எழுது” என்று சொல்லிவிட்டுப் போனார். உருப்படியாக என்ன எழுதுவது என்று தலையைச் சொறிந்தபோது, சட்டைப் பையில் கிடந்த பென் டிரைவ் கையில் தட்டுப்பட்டது. சரி, இதைப் பற்றியே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம் கல்லூரியில் பென் டிரைவ் இல்லாத பையைப் பார்க்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் செருகுகிறோம், காப்பி செய்கிறோம், ‘சரக்’கென்று பிடுங்கிக்கொண்டு ஓடுகிறோம். மவுஸ், கீபோர்டு, பிரிண்டர், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். “யு.எஸ்.பி.தானே, எப்ப வேணாலும் புடுங்கலாம்” என்பது நம் பொதுச் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் பாதி உண்மை. மீதிப் பாதியால் வரும் நஷ்டத்தைப் பெரும்பாலும் நாம் கட்டுவதில்லை, வேறு யாரோ கட்டுகிறார்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் அந்தத் தப்பைச் செய்தவன் நானே!

நாற்பது பீஸ்

காலேஜ் முடிந்ததும் நான் ஒரு சின்ன எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு வேலைக்குப் போகிறேன். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: பனியன் கம்பெனியில் துணியைக் கட்டிங் செய்தவுடன், முன்பக்கப் பீஸ் மட்டும் எம்ப்ராய்டரிக்கு ஜாப் ஒர்க் வரும். பூவோ எழுத்தோ போட்டுக் கொடுத்தால் அதன்பிறகு தைக்கப் போகும். டிசைனைக் கம்ப்யூட்டரில் ‘பஞ்சிங்’ செய்து, பென் டிரைவில் ஏற்றி, மெஷின் பேனலில் செருகி லோடு செய்ய வேண்டும். எங்கள் மெஷினில் இருபது தலை. ஒரே நேரத்தில் இருபது பீஸில் ஒரே பூ விழும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மூன்று டிசைனைக் காப்பி செய்தேன். திரையில் ஓடிய பச்சைக் கோடு மறைந்தது. பிடுங்கினேன், நைட் ஷிப்ட் ஆபரேட்டர் கையில் கொடுத்தேன், ஓடினேன். அவர் பீகாரிலிருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். எல்லோரையும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் சாயங்காலம் போனால் யூனிட்டே சூடாக இருந்தது. பூவில் பாதி வரை ஒழுங்காக ஓடிய மெஷின், அப்புறம் ஊசியை ஒரே இடத்தில் குத்த ஆரம்பித்திருக்கிறது. பனியன் துணி அந்தக் குத்தைத் தாங்குமா? இருபது பீஸிலும் ஓட்டை. நூல் சிக்கல் என்று நினைத்து ஊசியை மாற்றி அடுத்த இருபதைப் போட்டிருக்கிறார். அதுவும் அதே இடத்தில் ஓட்டை. மொத்தம் நாற்பது பீஸ் ரிஜெக்ட். வேறு துணியில் வெட்டிக் கொடுக்கலாமே என்றால், அதே சாயலாட்டில் மிச்சத் துணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷேடு மாறிவிடும். துணி கொடுத்த கம்பெனி டெபிட் போட்டது. யூனிட் ஓனர் அதை ஆபரேட்டர் கணக்கில் எழுதினார். “மெஷின் ஓட்டினது அவந்தானே?”

நான் வாயைத் திறக்கவில்லை. ‘வைரஸா இருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை சம்பளம். அவர் வாசல் படியில் உட்கார்ந்து பணத்தை எண்ணினார், மறுபடியும் எண்ணினார், பேசாமல் மடித்து வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழில் சண்டை போடத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். பைலின் பெயர் சரி. அளவும் சரி. ஆனால் பாதிக்கு மேல் உள்ளே வெறும் சூனியம்! திங்கட்கிழமை நம் லேப் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எஜெக்ட் பண்ணினியாப்பா?”

பிடுங்கவே கூடாது என்றிருந்த காலம்

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. ஒரு காலத்தில் எம்ப்ராய்டரி டிசைன் காகித நாடாவில் ஓட்டையாகக் குத்தப்பட்டது. ‘பஞ்சிங்’ என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். சென்னிமலைப் பக்கம் தறியில் தொங்கும் ஜக்கார்டு அட்டைக்கும் அதற்கும் ஒரே வம்சம். அடுத்து பிளாப்பி வந்தது. 1.44 மெகாபைட் பிடிக்கும் அந்தச் சதுரத் தட்டை எம்ப்ராய்டரி மெஷின்கள் ரொம்ப காலம் கைவிடவில்லை. பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பென் டிரைவ் செருகும் பெட்டியை மாட்டி ஓட்டும் மெஷின்களும் உண்டு.

வீட்டுக் கம்ப்யூட்டரிலோ, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பி.எஸ்.2 என்ற வட்டச் சொருகி. பிரிண்டருக்கு இருபத்தைந்து ஊசி பேரலல் போர்ட். இவற்றை மெஷின் ஓடும்போது கழற்றி மாட்டுவதற்காக யாரும் வடிவமைக்கவில்லை. மாட்டினால் பல நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் மதர்போர்டின் சின்ன பியூஸோ போர்ட்டோ போய்விடும். ஆப் செய், மாட்டு, மறுபடி ஆன் செய். இதுதான் சட்டம்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க 1994ல் இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் கைகோத்தன. யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியானது. இதில் முக்கியப் பங்கு இன்டெல் பொறியாளர் அஜய் பட்டுக்கு உண்டு. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்த நம் நாட்டுக்காரர் அவர்.

ஆரம்பத்தில் அதுவும் மானத்தை வாங்கியது. 1998 ஏப்ரல் 20, சிகாகோ நகரில் காம்டெக்ஸ் கண்காட்சி. பில் கேட்ஸ் மேடையில் நிற்கிறார். அவரது உதவியாளர் விண்டோஸ் 98 ஓடும் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கேனரைச் செருகுகிறார். பார்த்தால் நீலத் திரை! அரங்கமே சிரித்தது. உலகத்தின் பெரிய முதலாளிக்கே மேடையில் அந்தக் கதி என்றால், லேப் எக்ஸாமில் நமக்கு நடப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

நீளமான ஊசியின் ரகசியம்

சூடாக ஓடும்போதே செருகலாம் என்பதை எப்படிச் சாதித்தார்கள்? ட்ரிப்பிள்-ஈ நண்பர்களே, உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். நம் வீட்டு மூன்று முள் பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முள் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். அதற்காகத்தான்.

யு.எஸ்.பி. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான்கு பட்டையில் ஓரத்து இரண்டும் நடு இரண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஓரத்தில் இருப்பவை 5 வோல்ட்டும் கிரவுண்டும். நடுவில் இருப்பவை டேட்டா. ஆகவே செருகும்போது முதலில் கரண்ட், பிறகு டேட்டா. பிடுங்கும்போது முதலில் டேட்டா, பிறகு கரண்ட். புதிதாக வந்த சாமான் டேட்டா கம்பி ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மேலே இழுக்கும். ‘யாரோ வந்திருக்காங்க’ என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். செருகிய நொடியில் கரண்ட் ஒரேயடியாகப் பாய்ந்து மற்ற சாமான்களைத் தள்ளாட வைக்கக் கூடாது என்பதற்காக, உள்ளே நேரடியாக இருக்கும் கெபாசிட்டருக்கும் 10 மைக்ரோபேரட் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள்.

என்ன அழகான யோசனை! ஆனால் நண்பர்களே, இந்த ஏற்பாடு முழுக்க எதைக் காப்பாற்றுகிறது? போர்ட்டை, சர்க்யூட்டை. உள்ளே எழுதிக்கொண்டிருக்கும் பைலை அல்ல. நான் தவறியது இந்த இடத்தில்தான்.

கதவு எண் மாட்டியாச்சு, ஆள் குடிவரவில்லை

பென் டிரைவில் எழுதுவது கம்ப்யூட்டரின் ராமோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். அதனால் கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்யும். எழுத வேண்டியதை ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘முடிஞ்சுது’ என்று நம்மிடம் சொல்லிவிட்டு, பின்னால் மெதுவாக எழுதும். இதற்குப் பெயர் ரைட் கேஷ். பச்சைக் கோடு மறைந்தால் நமக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முடிந்தது என்று அர்த்தமில்லை.

பென் டிரைவ்களில் அதிகம் இருப்பது பேட் வகை பைல் சிஸ்டம். இதில் பைல் பெயரும் அளவும் ஒரு இடத்தில், எந்தெந்தக் கட்டத்தில் பைல் கிடக்கிறது என்ற அட்டவணை இன்னொரு இடத்தில், சரக்கு மூன்றாவது இடத்தில். பெயரும் அளவும் எழுதியாகிவிட்டது, சரக்கு பாதிதான் போயிருக்கிறது, அந்த நேரத்தில் பிடுங்கினால் என்ன ஆகும்? வீட்டுக்குக் கதவு எண் மாட்டியாகிவிட்டது, உள்ளே ஆள் குடிவரவில்லை. மெஷின் போய்க் கதவைத் தட்டுகிறது. உள்ளே சூனியம். ஊசி நகர வழி தெரியாமல் ஒரே இடத்தில் குத்துகிறது.

‘எஜெக்ட்’ கொடுத்தால் கம்ப்யூட்டர் மிச்சம் மீதியை எழுதி முடித்து, கணக்கைச் சாத்தி, ‘இனி எடுத்துக்கலாம்’ என்று சொல்லும். லினக்ஸில் ‘அன்மவுண்ட்’ செய்வதும் இதே வேலைதான்.

நம் கொங்கு நாட்டில் விருந்துக்கு வந்தவர் சொல்லிக்காமல் எழுந்து போவதுண்டா? “போயிட்டு வர்றேனுங்க” என்பார். உடனே வீட்டுக்காரம்மா, “இருங்க, காபி கலக்கிட்டேன், ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க” என்பார். கம்ப்யூட்டர் சில நேரம் ‘இந்தச் சாதனம் உபயோகத்தில் இருக்கிறது’ என்று மறிக்கிறதே, அதுவும் அந்தக் காபிதான் நண்பர்களே! பைல் ஏதோ திறந்திருக்கிறது, அல்லது ஆன்டி வைரஸ் தேடிக்கொண்டிருக்கிறது. மூடிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அப்படியும் விடாவிட்டால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு எடுங்கள். கோபித்துக்கொண்டு பிடுங்காதீர்கள்.

‘இப்பெல்லாம் வேண்டாம்ப்பா!’

இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். “புது விண்டோஸுல எஜெக்டே தேவையில்ல, மைக்ரோசாப்டே சொல்லிட்டான்” என்பார் ஒரு நண்பர். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2018ல் வந்த விண்டோஸ் 10, 1809 பதிப்பு முதல், வெளிச் சாதனங்களுக்கு ‘விரைவாக அகற்று’ என்ற முறைதான் இயல்பாக வரும். அதில் கேஷில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எழுதிவிடும்.

ஆனால் மூன்று விஷயம் பாக்கி இருக்கிறது. முதலாவது, அந்த முறையிலும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் பைல் காலிதான். இரண்டாவது, வேகம் வேண்டும் என்று யாராவது அந்த அமைப்பை மாற்றி வைத்திருந்தால் பழைய கதைதான். எங்கள் யூனிட் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ், அதில் கேஷும் ஆன். யார் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது, நாம் வேலைக்குப் போகப்போவது புதுக் கம்ப்யூட்டர் மட்டும் இருக்கிற இடங்களுக்கு அல்ல. பத்து வருடப் பழைய மெஷின், அதைவிடப் பழைய கம்ப்யூட்டர், பில் போட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்று கலந்துகட்டி ஓடும் ஊர் இது. ‘எங்க வீட்டுல ஒண்ணும் ஆகல’ என்ற அனுபவம் அங்கே செல்லாது.

எனவே என் கட்சி இதுதான். மவுஸையும் கீபோர்டையும் யு.எஸ்.பி.யில் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம், பாதகமில்லை. பென் டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், இவற்றைச் சொல்லிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். அதிலும் தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க்கென்றால், சுழற்சி நிற்கும்வரை ஒரு பத்து வினாடி கையை வைக்காதீர்கள். பழைய பேரலல் கேபிள், பி.எஸ்.2, உள்ளே இருக்கும் ஐ.டி.இ. ஹார்டு டிஸ்க், ராம், கார்டுகள், இவற்றுக்கு இன்றும் பழைய சட்டமே: ஆப் செய், பிறகு தொடு.

நிட்டிங் மெஷின் சொல்லும் பாடம்

‘ஓட்டத்திலேயே மாற்றுவது’ என்னவோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். நம்மூர் நிட்டிங் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். வட்ட மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஸ்டேண்டில் நூல் கோன்கள். ஓடுகிற கோனின் வால் நுனியை, அடுத்து காத்திருக்கும் கோனின் தலை நுனியோடு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். பழைய கோன் தீர்ந்த அடுத்த கணம் புதுக் கோனிலிருந்து நூல் போகும். மெஷின் நிற்காது. காலிக் கோனை எடுத்துவிட்டுப் புதுசை வைத்து, மறுபடி முடிச்சுப் போடுவார்கள்.

அந்த முடிச்சைப் போடாமல் எந்த ஆபரேட்டராவது கோனை உருவுவாரா? மாட்டார். டிப்ளமோ படிக்காத அவருக்குத் தெரிந்த ஒழுங்கு இது. பென் டிரைவுக்கு ‘எஜெக்ட்’தான் அந்த முடிச்சு. ஓட்டத்திலேயே மாற்றலாம் என்ற வசதி, முடிச்சுப் போட்டவனுக்கு மட்டுமே!

யார் கட்டுவது?

கடைசியாக, இந்தக் கட்டுரையை நான் எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தொழிலில் தப்பு எங்கே நடந்தாலும் அதன் விலை கீழே கீழே இறங்கி, பேச முடியாதவன் தலையில் உட்காருகிறது. டிசைன் கம்ப்யூட்டரில் நடந்த தப்பு, மெஷின் பக்கத்தில் நின்றவன் கூலியில் கழிந்தது. ‘மெஷின் ஓட்டினது அவந்தானே’ என்று கேட்டவர் கெட்டவர் அல்ல. அவருக்குக் கேஷ் தெரியாது, பேட் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். டிப்ளமோ என்பது சர்ட்டிபிகேட் மட்டுமா? ‘இது ஓட்டினவன் தப்பில்லை, இப்படித்தான் நடந்தது’ என்று காரணத்தோடு எடுத்துச் சொல்ல முடிவதுதானே படிப்பு?

திங்கட்கிழமை சாயங்காலம் ஓனரிடம் போனேன். “ஏனுங்கண்ணா, ஒரு விஷயம் சொல்லோணுங்க” என்று ஆரம்பித்து, வேர்த்து விறுவிறுத்துச் சொல்லி முடித்தேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “ஏந்தம்பி, இதைப் புதன்கிழமையே சொல்லியிருந்தா அந்தப் பையன் கணக்குல எழுதியிருப்பனா?” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. அடுத்த சனிக்கிழமை என் சம்பளத்தில் பாதி, அவர் கையிலிருந்து பாதி என்று போட்டு, பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் கேஷை நான் ஆப் செய்தேன். பக்கத்துச் சுவரில் ‘எஜெக்ட் செய்த பிறகே எடுக்கவும்’ என்று தமிழிலும், நண்பர் ஒருவர் உதவியால் இந்தியிலும் எழுதி ஒட்டினேன்.

அந்த ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல அண்ணா” என்றார். ஆனால் முழுதாகப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இப்போதெல்லாம் நான் பென் டிரைவை நீட்டினால் உடனே வாங்குவதில்லை. என் முகத்தையும் கம்ப்யூட்டர் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணா, சொல்லியாச்சா?” என்று கேட்கிறார். ‘ஆச்சு’ என்ற பிறகுதான் கை நீளுகிறது.

அவர் கேட்பது நியாயம்தானே நண்பர்களே?